மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்

ஐவின் தோருப் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தது நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை. வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றி வாசலிலேயே இரண்டு தரம் உதறினான். மிதியடியில் காலை அழுத்தித் துடைத்தான். அப்புறம்தான் உள்ளே வந்தான். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன், அடுத்தவர் தரையை அழுக்காக்க அவனுக்கு மனசு வராது.

அவன் இவன் என்று சொல்வதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் லெம்விக் ஊரில், ஏன், டென்மார்க் முழுக்கவே, அரசியைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அவனுக்கு எழுபது ஆகப்போகிறது, எனக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் ஒரே முற்றத்தைச் சுற்றிய கட்டடங்களில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறோம்.

என் வேலை அறிவிப்புகளை வாங்கித் தட்டச்சு செய்வது. பிறந்தவர்கள், இறந்தவர்கள், கல்யாணம், காணாமல் போன பூனை, எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் ஊருக்குப் போகும்.

"மெரேட்டே, ஒரு அறிவிப்பு போடணும்."

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலை. எனக்கு எழுபது ஆகுது."

"சரி, அதுவும் பக்கத்துல வந்தாச்சு. குடு."

நாலாக மடித்த காகிதத்தை நீட்டினான். பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவுகளில் 'பழுது' என்று எழுதி ஒட்டுவானே, அதே கட்டம் கட்டமான எழுத்து. 'நவம்பர் பதினாறாம் தேதி எனக்கு எழுபது வயது நிறைகிறது. வாழ்த்தையும் வருகையையும் அன்புடன் தவிர்க்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.'

இது எங்களிடம் புழக்கத்தில் உள்ள வரிதான். ஐம்பது, அறுபது, எழுபது, எழுபத்தைந்து என்று முக்கியமான வயது வந்தால் பத்திரிகையே பேரைப் போட்டுவிடும். அன்று காலையிலிருந்து யார் வேண்டுமானாலும் அழைப்பில்லாமல் போய்க் கதவைத் தட்டலாம். ஒரு ரொட்டி, ஒரு சின்னக் கிளாஸ் கசப்புச் சாராயம், ஒரு பாட்டு, முடிந்தது. அந்தக் கூட்டம் வேண்டாம் என்பவர்கள் இந்த வரியைப் போடுவார்கள். முப்பது வருஷத்தில் நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன்.

"இதைப் பார்த்தா நிஜமாவே யாரும் வர மாட்டாங்களா?" என்று கேட்டான்.

"ஒரு ஈ காக்கா வராது. நான் பொறுப்பு."

"ம்." தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான். "அந்த 'அன்புடன்'ங்கிறது இருக்கட்டும் இல்ல?"

"இருக்கட்டும், இருக்கட்டும். அதுக்கென்ன."

போய்விட்டான். முப்பது வருஷமாக ஊராரின் கையெழுத்தைப் படித்துக் கிழித்தவள் நான். எதிரே நின்ற ஒருத்தன் முகத்தை அன்றைக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஐவினைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் கையுறைகளைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும், சின்ன வயதில் ஒரு கையுறையாவது தொலைத்திருப்பார்கள், அதை ஐவின் எடுத்து வைத்திருப்பான். கொதிகலன் அறையில் ஒரு கயிறு கட்டி, கிடைத்த ஒற்றைக் கையுறைகளை எல்லாம் நிறவாரியாகக் கவ்வியில் மாட்டியிருப்பான். பிள்ளை அழுதுகொண்டு வந்தால் "எந்தக் கை?" என்று மட்டும் கேட்பான். வேறு பேச்சு கிடையாது. இடது கை என்றால் இடது கையைத் தருவான்.

அடுத்தது வெளிச்சம். சாயங்காலம் பள்ளி முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பாகப் போய் விளக்கை அணைப்பது அவன் வேலை. கூரையில் இருக்கும் குழல்விளக்கு முனகுவதை வைத்தே எது இந்த வாரம் போகும், எது அடுத்த மாதம் போகும் என்று சொல்லிவிடுவான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வரவேற்பறைக் கூரையின் நடுவில் ஒரு வெள்ளைக் குழல்விளக்கு. போட்டால் மூலையில் கிடக்கிற நூல்கூடத் தெரியும். அணைத்தால் இருட்டு. நடுவில் எதுவும் கிடையாது.

அவன் மனைவி லிஸ் அந்த வெளிச்சத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு ஆல்போர் நகரத்துக்குப் போய்விட்டாள். போகும்போது படிக்கட்டில் என்னிடம் சொன்னாள்: "அவன் கெட்டவன் இல்ல மெரேட்டே. ஆனா அந்த லைட்டுல என் மூஞ்சி எனக்கே பிடிக்கலை." வேறு காரணமும் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தது இதுதான்.

அறிவிப்பு கொடுப்பதற்கு இரண்டு மாசம் முன்னால், செப்டம்பரில், என் வீட்டு வெப்பக் குழாயின் திருகு இறுகிப்போய், அவனைக் கூப்பிட்டிருந்தேன். வேலையை முடித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"ஒரு ரூம்ல அஞ்சு விளக்கா? கண்ணு தெரியலையா உனக்கு?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஒவ்வொரு மூலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாத்தான் மனுஷன் உட்காருவான். உன் வீட்டு வெளிச்சத்துல யாரு உட்காருவா? பல்லைப் பிடுங்கிக்க வேணா வரலாம்."

அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். என் ஐந்து விளக்கின் கீழே உட்கார யார் வந்தார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். என் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வெப்பக் குழாய் கெட்டுப்போனால்தான் என் வீட்டில் ஆள் குரல் கேட்கும். அவன் கேட்கவில்லை. அவனுக்குக் குத்திப் பேசத் தெரியாது. எனக்குத்தான் அது கைவந்த கலை.

அந்தப் பேச்சு அவனுக்குள் தைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அறிவிப்பு கொடுத்த அதே வாரம், வெம்ப் நிலையத்தில் வண்டி மாறி ஹோல்ஸ்டெப்ரோ நகரத்துக்குப் போய், விளக்குக் கடையில் ஏறியிருக்கிறான். இதெல்லாம் பின்னால் அவனே சொன்னது.

காதில் மூன்று வளையம் போட்ட ஒரு பெண் கடையில் இருந்திருக்கிறாள். இவன் மேஜை விளக்கு ஒன்றைக் காட்டி, "இது எத்தனை வாட்?" என்று கேட்டிருக்கிறான்.

"முதல்ல உட்காரு," என்றாளாம் அவள்.

உட்கார வைத்துவிட்டு, கடையின் கூரை விளக்கை அணைத்திருக்கிறாள். மேஜையில் இருந்தது பால் நிறக் கண்ணாடிக் குடை, புகை நிறக் கண்ணாடித் தண்டு. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி, ஒரு வடிவமைப்பாளர் பேர் அடியில் பொறித்திருந்தது. வயரின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு திருகு. அதை அவள் மெதுவாகத் திருப்ப, வெளிச்சம் உள்ளேயிருந்து ஊறி வருவதுபோல வந்திருக்கிறது. முழுசாக வைத்தால் படிக்கலாம். குறைத்துக்கொண்டே போனால் கண்ணாடியின் நிறம் வெண்மையிலிருந்து வெண்ணெயாக மாறும். குடை மட்டும் தெரியும், மேஜை தெரியும், எதிரே உட்கார்ந்தவர் முகம் தெரியும். மற்றதெல்லாம் பின்னால் போய்விடும்.

ஐவின் குனிந்து பார்த்துவிட்டு, "ஓரத்துல ஒரு குமிழி இருக்கு. பழுது. வேற எடு," என்றிருக்கிறான்.

"அது பழுதில்ல. கையால செஞ்சதுன்னு அர்த்தம். இன்னொண்ணுல குமிழி இன்னொரு இடத்துல இருக்கும்."

"பள்ளிக்கூடத்துல ரிப்பேர் வேலைக்கு வந்தவங்களும் பழுதைக் காட்டினா எங்கிட்ட இப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் சிரித்துவிட்டு, "என்னத்துக்கு விளக்கு? படிக்கவா, ஆளுங்க வந்தா வைக்கவா?" என்று கேட்டிருக்கிறாள்.

திருகை ஒரு தரம் தானே திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆளுங்க வந்தா," என்றிருக்கிறான்.

"அப்படின்னா மூணுல ஒரு பங்கு வை. அதுக்கு மேல போகாதே. வந்தவங்க யாருக்கும் எழுந்து போக மனசு வராது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் அதை வாங்கினான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து வந்தான். வீட்டில் வந்து, மூன்றில் ஒரு பங்கு எங்கே வருகிறது என்று அளந்து, திருகில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தான்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை. காலையில் முற்றத்தில் பாட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்காது என்று எனக்குத் தெரியும், நான்தானே பொறுப்பு. ஆனாலும் மனசு ஒட்டவில்லை. இருபது வருஷம் பக்கத்தில் இருக்கிறவன், என் குழாயைச் சரி செய்தவன், எழுபது வயது நாளில் ஒரு துண்டு கேக்காவது வாய்க்குப் போக வேண்டாமா? வரி என்ன சொன்னால் என்ன, வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று மூன்று அடுக்கு கேக் செய்தேன். நடுவில் ராஸ்ப்பெரி ஜாம், மேலே கிரீம். அதன் மேல், எங்கள் பிறந்தநாள் வழக்கப்படி, ஒரு குட்டிக் காகிதக் கொடி குத்தினேன்.

நாலு மணிக்கு இறங்கினேன். நவம்பரில் நாலு மணி என்றால் இருட்டுதான். முற்றத்தின் நடுவில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் போனதும் அண்ணாந்து பார்த்தேன்.

எங்கள் ஊரில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. அதற்காக உள்ளே பார்ப்பதும் இல்லை. பார்த்தாலும் பார்த்ததாகச் சொல்வதில்லை. இரண்டாம் மாடியில் ஐவின் வீட்டுச் சன்னல். இருபது வருஷமாக அங்கே தெரிந்த வெள்ளை வெளிச்சம் அன்று இல்லை. வெண்ணெய் நிறத்தில் ஒரு கண்ணாடிக் குடை, அதன் பக்கத்தில், பிறந்தநாளுக்கு மேஜையில் வைக்கிற குட்டிக் கொடிக்கம்பத்தின் உச்சி. கூரையில் மெத்தென்ற ஒரு வட்டம். அந்த வெளிச்சத்தில் யாரும் தனியாக உட்கார மாட்டார்கள். ஆள் வந்திருக்கும்போது வைக்கிற வெளிச்சம் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் நிழல் குறுக்கே போனது, திரும்ப வந்தது, மறுபடி போனது. ஓடி ஓடிப் பரிமாறுகிறான் என்று நினைத்தேன்.

"ஆளுங்க இருக்காங்க போல," என்று பின்னால் ஒரு குரல்.

கீழ்த்தளத்தில் இருக்கும் ஈகோன். மீன்பிடிப் படகிலிருந்து ஓய்வு பெற்றவன். கோட்டுக்குள் ஒரு பாட்டில் கழுத்து தெரிந்தது.

"நீயும் போகலாம்னு வந்தியா?" என்றேன்.

"சும்மா வாசல்ல நீட்டிட்டு வரலாம்னு. நீ?"

"நானும் சும்மாதான்."

இரண்டு பேரும் அண்ணாந்து நின்றோம்.

"லிஸ் வந்திருப்பாளோ?" என்றான் ஈகோன்.

"வந்திருக்கலாம். அதான் ஊரை வர வேணாம்னு சொல்லியிருக்கான். வேண்டியவங்களை மட்டும் கூப்பிட்டிருக்கான்."

"அப்ப நாம போய் நடுவுல நிக்கிறது நல்லா இருக்காது."

"நல்லாவே இருக்காது."

அவன் பாட்டிலைக் கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான். நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு என் படியேறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் நான் இல்லை என்று வந்த அழுகை. பொறாமைதான், வேறென்ன. என் ஐந்து விளக்கையும் போட்டுக்கொண்டு, கொடி குத்திய கேக்கை நானே வெட்டித் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை ஐவின் மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தான். தொப்பியை உதறினான், காலைத் துடைத்தான், காகிதத்தை நீட்டினான். 'என் எழுபதாவது பிறந்தநாளில் அன்பு காட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐவின் தோருப்.' இதுவும் வழக்கம்தான். பிறந்தநாள் முடிந்தால் நன்றி போட வேண்டும்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கூட்டம் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"லிஸ் வந்திருந்தாளா?"

"லிஸ்ஸா? அவ ஏன் வரணும்?"

"எனக்கென்ன தெரியும். உன் வீட்டுல விளக்கெல்லாம் ஜோராக் குறைச்சு வெச்சிருந்துச்சே. நீயும் ஓடி ஓடி உபசாரம் பண்ணிட்டு இருந்த. யாரெல்லாம் வந்தாங்க, சொல்லேன்."

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் மேஜையைப் பார்த்தான். அலுவலகத்தில் அப்போது வேறு யாரும் இல்லை.

"யாரும் வரலை மெரேட்டே."

நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ரொட்டி இருபது வாங்கி வெச்சேன்," என்றான். "காலையில ஒன்பது மணிக்கே உட்கார்ந்துட்டேன். வர்றவங்க கண்ணுக்கு முதல்லயே வீடு நல்லா தெரியட்டும்னு அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி மூணுல ஒரு பங்கு வெச்சேன். உபசாரம் இல்ல அது. முற்றத்துப் பக்கம் ஒரு சன்னல், தெருப் பக்கம் ஒரு சன்னல். ரெண்டுக்கும் நடுவுல நடந்துட்டே இருந்தேன்."

"பின்ன எதுக்கு அந்த வரியைப் போட்ட? வர வேணாம்னு நீதானே எழுதிக் குடுத்த?"

"போடலைன்னா பரிசு எதிர்பார்க்கிறான்னு நினைப்பாங்க இல்ல? போன வருஷம் நம்ம பழைய தலைமை ஆசிரியர் இதே வரியைத்தான் போட்டார். ஒரு எழுத்து மாறலை, நான் பார்த்துத்தான் எழுதினேன். அவர் வீட்டுக்கு நாப்பது பேர் போனாங்க. நானும் போனேன். 'சும்மா சொல்றார், வாங்க போலாம்'னாங்க எல்லாரும். எனக்கும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு..."

தலைமை ஆசிரியர் சொன்னால் அடக்கம், பராமரிப்புக்காரன் சொன்னால் உத்தரவு. ஊர் அப்படித்தான் படித்திருக்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன். முப்பத்து மூன்று வருஷத்துக் கையுறைகளை யார் நினைத்தார்கள்?

"அப்ப இந்த நன்றி யாருக்கு?" என்றேன்.

"எல்லாருக்கும்தான். இது வரலைன்னா, யாரும் வரலைங்கிறது ஊருக்குத் தெரிஞ்சுடும்."

எங்கள் ஊரில் நான் செய்ததை யாரும் செய்ய மாட்டார்கள். சன்னலைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்வதே பெரிய வெட்கம். பார்த்து நின்றேன், பொறாமைப்பட்டேன் என்பதெல்லாம் செத்தாலும் வாயில் வராது. அன்றைக்கு வந்தது.

"நான் வந்தேன் ஐவின்."

"எங்க?"

"முற்றம் வரைக்கும். நாலு மணிக்கு. கேக்கோட. மேல பார்த்தேன், அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் உனக்கு வேண்டியவங்க வந்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன். திரும்பிப் போயிட்டேன்."

அவன் தொப்பியை என் மேஜைமேல் வைத்தான்.

"ஈகோனும் வந்தான். பாட்டிலோட. அவனும் அதைப் பார்த்துட்டுத்தான் போனான்."

"ஈகோனா?"

"ஆமா. கோட்டுக்குள்ள வெச்சிருந்தான்."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் முகம் மெல்ல மெல்ல இளகிக்கொண்டு வந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"என்ன கேக்?" என்றான்.

"மூணு அடுக்கு. ராஸ்ப்பெரி."

"கொடி குத்தினியா?"

"குத்தினேன்."

"யாரு சாப்பிட்டா?"

"நான்தான். மூணு நாளா. இன்னிக்குக் காலையிலதான் தீர்ந்துச்சு."

அவன் சிரித்தான். எங்கள் முற்றத்தில் இருபது வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துவிட்டு, என் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்தான். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, 'அன்பு காட்டிய எல்லோருக்கும்' என்பதைக் கோடு போட்டு அடித்தான். மேலே கட்டம் கட்டமான எழுத்தில் 'வந்த இருவருக்கும்' என்று எழுதினான்.

"இப்படிப் போட்டா எத்தனை பேர் வந்தாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுடும், ஐவின்."

"தெரியட்டும். இதான் உண்மை."

"எங்க பேரைப் போடட்டுமா?"

"வேணாம். அந்த ரெண்டு பேரு யாருன்னு ஊரு மண்டையை உடைச்சுக்கட்டும்."

நான் தட்டச்சு செய்தேன். எழுத்துகள் கலங்கின, இரண்டு தரம் அழித்து அடிக்க வேண்டியிருந்தது. அவன் பொறுமையாக நின்று, பிழையில்லாமல் வருகிறதா என்று பார்த்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவு வரை போனவன், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினான்.

"மெரேட்டே, எழுபத்தஞ்சுக்கும் விளக்கை அப்படித்தான் வைப்பேன்," என்றான். "நீ பாட்டுக்கு மேல வந்து மணியை அடி."